விமானி ‘குதித்தாரா’, ‘வெளியேறினாரா’? பாராசூட் செய்திகளில் வினைச்சொல் ஏன் முக்கியம்

போர் விமானம் ஒன்று விழுந்து நொறுங்கினால், அடுத்த அரை மணி நேரத்துக்குள் ஒரு வாக்கியம் செய்திகளில் வந்துவிடும்: ‘விமானி பாராசூட் மூலம் குதித்து உயிர் தப்பினார்.’ 2019-ல் அபிநந்தன் வர்த்தமானின் மிக்-21 வீழ்த்தப்பட்டபோதும், 2024 மார்ச்சில் ஜெய்சால்மரில் தேஜஸ் விழுந்தபோதும், 2025 நவம்பரில் தாம்பரம் அருகே விமானப்படையின் பயிற்சி விமானம் விழுந்தபோதும் பலர் இப்படித்தான் சொன்னார்கள், பகிர்ந்தார்கள்.

இதைப் படிப்பவருக்கு உடனே சந்தேகங்கள் வருகின்றன. அவ்வளவு தாழ்வாகப் பறந்த விமானத்திலிருந்து குதித்தவருக்குப் பாராசூட் விரிய நேரம் ஏது? விமானத்தைக் கைவிட்டு முதலில் குதித்துவிட்டாரா? குன்னூரில் விழுந்த ஹெலிகாப்டரில் இருந்தவர்கள் ஏன் குதிக்கவில்லை? மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் மூன்றையும் கிளப்பிவிட்டது ‘குதித்தார்’ என்ற ஒரு சொல். மேலே சொன்ன மூன்று விமானிகளில் யாரும் குதிக்கவில்லை. அவர்கள் அமர்ந்திருந்த இருக்கை அவர்களைத் தூக்கிக்கொண்டு வெளியே போனது.

இந்த வேறுபாடு மொழிநடை சார்ந்தது மட்டும் இல்லை. உடலுக்கு என்ன ஆகிறது, முடிவு யாருடையது, தரையிலிருப்பவர் சுடலாமா கூடாதா என்பதெல்லாம் இதை ஒட்டியே வருகின்றன.

## பெயர்ச்சொல் ஒன்று, செயல்கள் பல

பாராசூட் பிரெஞ்சுச் சொல். ‘பாரா’ என்ற முன்பகுதி தடுத்தல், காத்தல் என்ற பொருளுள்ள இத்தாலிய வினையிலிருந்து வந்தது. ‘சூட்’ என்றால் வீழ்ச்சி. விழுவதிலிருந்து காப்பது என்பதுதான் நேர்ப்பொருள். தமிழில் ‘வான்குடை’ என்ற அழகான சொல் இருக்கிறது. பேச்சில் இங்கே பாராசூட், இலங்கையில் பரசூட்.

ஆங்கிலத்தில் இந்தப் பெயரையே வினையாகவும் ஆக்கிக்கொண்டார்கள். படைவீரன், விமானி, விளையாட்டு வீரர், அரிசி மூட்டை எல்லாவற்றுக்கும் அந்த ஒரே வினை பொருந்திவிடும். தமிழில் அது நடக்காது. ‘பாராசூட்டினார்’ என்று யாரும் சொல்வதில்லை. பாராசூட்டில் என்ன செய்தார் என்று இன்னொரு வினையைச் சேர்த்தே ஆகவேண்டும்: குதித்தார், பாய்ந்தார், வெளியேறினார், இறங்கினார், இறக்கப்பட்டார், போட்டார்கள். சரியான வினையைப் போட்டால் ஆங்கிலச் செய்தியைவிடத் தமிழ்ச் செய்தி கூடுதல் தகவல் தரும். அவசரத்தில் ‘குதித்தார்’ என்று போட்டால் நடக்காத ஒன்று நடந்ததாகிவிடும்.

‘குதி’ என்ற வினைக்குள் மூன்று செய்திகள் ஒளிந்திருக்கின்றன.

1. செய்தவரின் சொந்த விருப்பம். கிணற்றில் குதித்தான் என்றால் யாரும் தள்ளவில்லை என்று பொருள்.
2. காலின் உந்துதல். தவறி விழுந்தவரைக் குதித்தார் என்று சொல்ல மாட்டோம்.
3. உயரத்திலிருந்து கீழ்நோக்கிய அசைவு.

எஜெக்‌ஷன் இருக்கையில், அதாவது ஆபத்தில் விமானியோடு வெளியே தள்ளப்படும் இருக்கையில், வெளியேறும் விமானிக்கு இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்தவே பொருந்தா. அவர் காலை ஊன்றுவதில்லை. முதலில் அவர் போவது மேல்நோக்கி.

## எஜெக்ட் ஆதல்: மூன்று நொடிக்குள் நடப்பது

முதல் உலகப்போர்க் காலத்துத் திறந்த காக்பிட் விமானங்களில் விமானி எழுந்து, விளிம்பைத் தாண்டி, உண்மையிலேயே குதிக்கலாம். வேகம் கூடக்கூட அது முடியாமல் போயிற்று. மணிக்கு 600, 700 கிலோமீட்டரில் காற்று சுவரைப்போல் நிற்கும். எழுந்து நின்றவரை அது வால்பகுதியில் அடித்துவிடும். அதனால்தான் இருக்கையையே வெடிவிசையில் வெளியே தள்ளும் முறை வந்தது. ஆபத்தில் இப்படி வெளியேறிய முதல் விமானி ஜெர்மனியின் ஹெல்முட் ஷெங்க். நாள் 1942 ஜனவரி 13. விமானம் ஹைன்கல் 280.

இன்றைய நவீன இருக்கை ஒன்றில் நடப்பவை கீழே. எண்கள் இருக்கைக்கு இருக்கை சற்று மாறும். வரிசை ஏறக்குறைய இதுதான்.

1. விமானி தொடைகளுக்கு நடுவே (சில இருக்கைகளில் தலைக்கு மேலே) உள்ள மஞ்சள், கறுப்புப் பட்டையிட்ட கைப்பிடியை இழுக்கிறார். அவருடைய வேலை இவ்வளவுதான். இதற்குப் பிறகு நடப்பவை எல்லாம் தானாக நடக்கும்.
2. தோளில் மாட்டிய வார்கள் உடலை இருக்கையோடு சேர்த்து இறுக்கும். காக்பிட்டின் கண்ணாடி மேல்மூடி கழன்று பறக்கும், அல்லது கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வெடி இழை அதை நொறுக்கும். ஹாக் பயிற்சி விமானத்தின் மூடியில் நெளிநெளியாகத் தெரியும் கோடு அந்த வெடி இழைதான்; விரிசல் என்று நினைத்துவிடக்கூடாது.
3. இருக்கையின் பின்னுள்ள குழாயில் வெடிமருந்து பற்றி, தண்டவாளம் போன்ற தடத்தில் இருக்கையை மேலே உந்தும். கால்களில் கட்டிய பட்டைகள் இரண்டு கால்களையும் உள்ளிழுத்துப் பிடிக்கும். இல்லாவிட்டால் முழங்கால் காக்பிட் விளிம்பில் மோதிவிடும்.
4. இருக்கை தடத்தை விட்டு நீங்கும் வேளையில் அடியிலுள்ள ராக்கெட் கால் நொடி அளவுக்கு எரிந்து, விமானத்தின் வாலைத் தாண்டி உயரத்துக்குக் கொண்டுபோகும்.
5. ஒரு சிறிய பாராசூட் விரிந்து, சுழலும் இருக்கையை நிலைப்படுத்தும். மிக உயரத்தில் வெளியேறியிருந்தால், மூச்சுக்குக் காற்று கிடைக்கும் உயரம்வரை இருக்கையோடேயே கீழே கொண்டுவரும்.
6. பெரிய பாராசூட் விரியும். விமானி இருக்கையிலிருந்து பிரிவார். இருக்கை தனியாக விழும். உயிர்காப்புப் பொருள்கள் உள்ள பெட்டி ஒரு கயிற்றில் அவருக்குக் கீழே தொங்கும்.

தாழ்வான உயரத்தில் கைப்பிடியை இழுத்தால் இவை அனைத்தும் மூன்று நொடிக்குள் முடிந்துவிடும். ‘சுழிய உயரம், சுழிய வேகம்’ என்ற தரத்தில் செய்யப்பட்ட இருக்கை, ஓடுபாதையில் நின்றுகொண்டிருக்கும் விமானத்திலிருந்தும் விமானியைப் பாராசூட் விரியப் போதுமான உயரத்துக்குத் தூக்கிவிடும். அவ்வளவு தாழ்வில் எப்படித் தப்பினார் என்ற கேள்விக்கு விடை இதுதான். அவர் இருந்த உயரத்திலிருந்து இறங்கவில்லை. முதலில் மேலே போய், அங்கிருந்து இறங்கினார்.

### உடல் படும் பாடு

மேலே உந்தும்போது உடல் 12 முதல் 18 ஜி வரை, அதாவது தன் எடையைப்போல் 12 முதல் 18 மடங்கு வரை, விசையைத் தாங்குகிறது. 70 கிலோ எடையுள்ளவர் 15 ஜி-யில் ஒரு கணம் 1,050 கிலோ எடை உள்ளவராகிறார். அந்தப் பாரம் முழுவதும் முதுகெலும்பில் இறங்கும். மார்பு முதுகெலும்புகள் முடிந்து இடுப்பு முதுகெலும்புகள் தொடங்கும் இடத்தில் எலும்பு நசுங்குவது இதில் வழக்கமான காயம். தலையை இருக்கையில் சாய்த்து, முதுகை நேராக வைத்து, முழங்கைகளை ஒடுக்கி, பிறகு இழுக்கவேண்டும் என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான். குனிந்து பார்த்தபடி இழுத்தவரின் முதுகெலும்பு கூடுதலாகச் சேதப்படும்.

ஆகவே ‘பத்திரமாகக் குதித்தார்’ என்று எழுதும்போது, ஒரு பெரிய விபத்தைத் தாங்கிய உடலை நாம் மறைத்துவிடுகிறோம். நின்று கையசைத்தாலும், அவர் படுத்த நிலையில் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர்.

சூலூர், தாம்பரம், தஞ்சாவூர், அரக்கோணம் போன்ற விமானத் தளங்களின் சுற்றுவட்டாரத்தில் வசிப்பவர்களுக்கு இது நேரடியாகப் பயன்படும் செய்தி. வயலில் ஒரு விமானி இறங்கினால் அவரைத் தூக்கி நிறுத்த வேண்டாம், மோட்டார் சைக்கிளில் ஏற்ற வேண்டாம். சமதரையில் படுக்கவைத்து, கழுத்தை அசைக்காமல், ஹெல்மெட்டை இழுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். காற்றில் இழுக்கும் பாராசூட் துணியை ஒருபக்க விளிம்பைப் பிடித்துச் சுருட்டிவிடலாம். தனியாகக் கிடக்கும் இருக்கையின் அருகே போகக்கூடாது. வெடிக்காத வெடிமருந்து அதில் மிச்சம் இருக்கலாம். செல்பி எடுக்கப் போகும் பிள்ளைகளை முதலில் விரட்டவேண்டும்.

### ‘வெளியேறினார்’, ‘வெளியேற்றப்பட்டார்’

பேச்சில் ‘எஜெக்ட் ஆயிட்டார்’ என்கிறோம். எழுத்தில் ‘இருக்கையோடு வெளியேறினார்’ என்பது நேராக, சுருக்கமாக இருக்கிறது. ஒரு படி மேலே போய், தமிழின் ‘கொள்’ என்ற துணைவினையைப் பயன்படுத்தி ‘தன்னை வெளியேற்றிக்கொண்டார்’ என்றும் எழுதலாம். முடிவு விமானியுடையது, செய்தது இயந்திரம் என்ற இரண்டும் அதில் வந்துவிடுகின்றன.

செயப்பாட்டு வினை தேவைப்படும் இடமும் உண்டு. இரட்டை இருக்கை விமானத்தில் ஒருவர் கைப்பிடியை இழுத்தாலே இருவரும் வெளியேறும்படி அமைக்கலாம். அப்போது பின்னிருக்கை முதலில் போகும். அரை நொடிக்குள் முன்னிருக்கை போகும். முன்னிருக்கை முதலில் போனால் அதன் ராக்கெட் தீ பின்னால் இருப்பவரைச் சுட்டுவிடும். இந்த நிகழ்வில் இழுத்தவர் ‘வெளியேறினார்’, மற்றவர் ‘வெளியேற்றப்பட்டார்’. சோவியத்தின் யாக்-38 இன்னும் ஒரு படி போனது. செங்குத்தாக இறங்கும்போது விமானம் எல்லைமீறிச் சாய்ந்தால் விமானியைக் கேட்காமலே இருக்கை வெளியேறிவிடும். எஃப்-35பி விமானத்திலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. விமானியின் கை கைப்பிடியைத் தொடவே இல்லை என்றால் ‘குதித்தார்’ என்பது முழுப் பொய்யாகிவிடுகிறது.

## உண்மையில் குதிப்பவர்கள்

பாராசூட் படையினரும் விளையாட்டு வீரர்களும் குதிக்கிறார்கள். இங்கே அந்த வினை சரியான இடத்தில் இருக்கிறது. ஈழத்துப் பேச்சில் ‘பாய்ந்தார்’ என்பார்கள், அதுவும் பொருந்தும்.

படையினர் பெரும்பாலும் ‘ஸ்டேடிக் லைன்’ முறையில் குதிக்கிறார்கள். விமானத்தின் உள்ளே நீளவாக்கில் ஓர் எஃகுக் கம்பி ஓடும். ஒவ்வொருவரின் பாராசூட் பையிலிருந்தும் வரும் பட்டையின் கொக்கி அதில் மாட்டப்படும். வரிசை இப்படி: எழு, கொக்கி மாட்டு, முன்னால் நிற்பவரின் பட்டையைச் சரிபார், வாசலில் நில். சிவப்பு விளக்கு பச்சையானதும் ஒருவர் பின் ஒருவராகப் போகவேண்டியதுதான். பட்டையே பாராசூட்டை இழுத்து விரித்துவிடும். குதித்தவர் நான்கு அல்லது ஆறுவரை எண்ணுவார். அதற்குள் தோளில் இழுப்பு தெரியவில்லை என்றால் மாற்றுப் பாராசூட்டை இழுக்கவேண்டும். பயிற்சியில் உயரம் பொதுவாக 1,250 அடி அளவில் இருக்கும், தயங்க நேரமில்லை.

இந்த வட்டமான பாராசூட்டுகளில் இறங்கும் வேகம் நொடிக்கு 6, 7 மீட்டர். நொடிக்கு 6.7 மீட்டர் என்றால், ஏறக்குறைய 2.3 மீட்டர் உயரச் சுவரிலிருந்து குதித்ததற்குச் சமம். முதுகில் பை, இடுப்பில் ஆயுதத்தோடு அப்படிக் குதித்து நேராக நின்றால் கணுக்கால் முறியும். அதனால் இரண்டு பாதங்களையும் சேர்த்து, முழங்காலைச் சற்று மடக்கி, பாதத்தின் முன்பகுதி, கெண்டைக்கால், தொடை, பிட்டம், முதுகின் பக்கவாட்டு என்ற வரிசையில் உருண்டு விழக் கற்றுத்தருகிறார்கள். தரையில் வாரக்கணக்கில் இந்த உருளலையே பழகவைப்பது வீண்வேலை இல்லை.

ஆனால் இந்தப் படையினரைப் பற்றிய செய்தியில் இன்னொரு வினையும் சேர்ந்துவரும்: இறக்குதல். 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசப் போரில் இந்தியாவின் 2-ஆவது பாரா பட்டாலியன் தங்காயில் நகருக்கு அருகே இறக்கப்பட்டது. பூங்லி பாலத்தைப் பிடித்து, டாக்கா நோக்கிப் பின்வாங்கிய பாகிஸ்தான் படையை மறிப்பது அவர்கள் வேலை. வீரர் ஒவ்வொருவராகப் பார்த்தால் குதித்தார்கள். படையாகப் பார்த்தால் இறக்கப்பட்டார்கள். இரண்டு வினையும் உண்மை.

விளையாட்டுக் குதிப்பில் வேறொரு கட்டம் நடுவே வரும். சுமார் 13,000 அடியில் விமானத்தை விட்டவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் பாராசூட் இல்லாமல், மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்துகொண்டிருப்பார். பிறகுதான் பாராசூட்டை விரிப்பார். மயங்கிப்போனாலோ உயரம் மறந்தாலோ, மாற்றுப் பாராசூட்டைத் தானே விடுவிக்கும் ஒரு சிறு மின்னணுக் கருவி பையில் இருக்கிறது.

குதித்தவருக்கும் வெளியேறியவருக்கும் உள்ள வேறுபாட்டை விமான உலகம் நூறாண்டுகளாகவே கடைப்பிடிக்கிறது. 1922-ல் தொடங்கிய ‘கேட்டர்பில்லர் கிளப்’ என்ற அமைப்பில், பழுதான விமானத்திலிருந்து பாராசூட்டால் உயிர்பிழைத்தவர்கள் மட்டுமே உறுப்பினர். ஆயிரம் முறை விளையாட்டாகக் குதித்தவருக்கும் அதில் இடமில்லை. பெயர், பாராசூட்டுக்கான இழையைத் தந்த பட்டுப்புழுவின் நினைவாக வைத்தது.

## சுடலாமா? சட்டம் எந்த வினையைப் பார்க்கிறது

வானத்தில் ஒரு பாராசூட் தெரிகிறது. தொங்கிக்கொண்டிருப்பவர் எதிரி. கீழே இருப்பவர் சுடலாமா? அவர் எதற்காக விமானத்தை விட்டார் என்பதைப் பொறுத்துத்தான் சட்டத்தின் விடை.

ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977-ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறையில் 42-ஆவது பிரிவு மூன்று வரிகளில் இதைச் சொல்கிறது.

1. ஆபத்துக்குள்ளான விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்குகிற எவரையும், இறங்கும் நேரத்தில் தாக்கக்கூடாது.
2. எதிரியின் கட்டுப்பாட்டில் உள்ள தரையைத் தொட்டதும், தாக்குமுன் சரணடைய அவருக்கு வாய்ப்புத் தரவேண்டும். அவர் வெளிப்படையாகச் சண்டையில் இறங்கினால் இது பொருந்தாது.
3. வான்வழிப் படையினருக்கு, அதாவது பாராசூட்டில் இறங்கித் தாக்கும் படையினருக்கு, இந்தப் பாதுகாப்பு இல்லை.

காரணம் எளிது. விமானத்தை இழந்த விமானி கடலில் கப்பல் உடைந்து தத்தளிப்பவரைப் போன்றவர்; அவரால் அந்த நேரத்தில் போரிட முடியாது. பாராசூட் படைவீரர் போரிடுவதற்காகவே இறங்குகிறார். அவருக்கு இறக்கம் என்பது தாக்குதலின் ஒரு பகுதி. துணி ஒன்றுதான், இறங்கும் வேகம் ஒன்றுதான். ஒருவர் தப்பிக்கிறார், மற்றவர் தாக்க வருகிறார். இருவருக்கும் ‘குதித்தார்’ என்று எழுதினால் சட்டம் காணும் கோடு படிப்பவர் கண்ணில் படாது.

விமானி தன் சொந்தப் படைகள் உள்ள பகுதியில் இறங்கப்போகிறார் என்றால், நாளை வேறு விமானத்தில் திரும்பிவருவாரே, அவரையாவது சுடலாமா என்ற வாதம் அந்த நெறிமுறையை உருவாக்கும்போது எழுந்தது. அந்த விலக்கு சேர்க்கப்படவில்லை. சரியான முடிவு என்றே சொல்லவேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பதைப் பார்த்து ஒருவர் உயிரின் மதிப்பு மாறக்கூடாது.

இந்தியா அந்தக் கூடுதல் நெறிமுறையில் சேரவில்லை. பாகிஸ்தான் கையெழுத்திட்டது, ஏற்புறுதி செய்யவில்லை. ஆனாலும் இந்த விதி அதற்கு முன்பிருந்தே புழங்குவது. 1923-ல் ஹேக்கில் வரைந்த வான்போர் விதிகளிலேயே இது உண்டு. இன்று வழக்காற்றுச் சட்டமாகவே கருதப்படுகிறது. தரையைத் தொட்டுப் பிடிபட்ட பிறகு 1949-ன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை வந்துவிடும். அதில் இரு நாடுகளும் உள்ளன. 2019 பிப்ரவரி 27-ல் கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு அப்பால் இறங்கிய அபிநந்தன், மார்ச் 1-ல் வாகா வழியாகத் திரும்பும்வரை அந்த உடன்படிக்கையின் பெயர் அடிபட்டதன் காரணம் இது.

விதி மீறப்பட்ட நிகழ்வும் கண்முன் உண்டு. 2015 நவம்பர் 24 அன்று துருக்கி-சிரியா எல்லையில் ரஷ்யாவின் சு-24 வீழ்த்தப்பட்டது. இரு விமானிகளும் இருக்கையோடு வெளியேறினார்கள். பாராசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒருவரைத் தரையிலிருந்த ஆயுதக்குழுவினர் சுட்டுக்கொன்றனர். மற்றவர் மீட்கப்பட்டார்.

## ககாரின் ‘இறங்கினார்’: ஒரு வினையில் மறைத்த உண்மை

வினைச்சொல்லை ஒரு நாடே கவனமாகக் கையாண்ட கதை இது. 1961 ஏப்ரல் 12-ல் யூரி ககாரின் பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்பினார். வோஸ்டாக் கலம் தரையில் மோதும் வேகம் மனிதர் உள்ளே இருக்கத் தக்கதாக இல்லை. எனவே திட்டப்படியே, சுமார் 7 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கையோடு வெளியேறி, தனிப் பாராசூட்டில் சராதவ் பகுதியில் இறங்கினார். கலம் தன் பாராசூட்டில் தனியாக இறங்கியது.

உலக வான்விளையாட்டுக் கூட்டமைப்பின் அன்றைய விதிப்படி, சாதனை செல்லவேண்டுமானால் விமானி தன் கலத்தோடு தரையிறங்க வேண்டும். சோவியத் அரசு அவர் கலத்துக்குள் இருந்தே இறங்கியதாகச் சொல்லிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பறந்த கெர்மன் டிடோவ், தான் வெளியேறிப் பாராசூட்டில் இறங்கியதைச் சொன்ன பிறகுதான் முந்தைய கதையின்மீது கேள்வி விழுந்தது. சாதனை நிலைத்தது, விதி திருத்தப்பட்டது. ‘இறங்கினார்’ என்ற வினை பொய் சொல்லவில்லை. எதிலிருந்து, எதில் என்ற இரண்டு வேற்றுமைகளை விட்டுவிட்டால் அதற்குள் எதையும் மறைக்கலாம்.

## பொருளுக்கு வேறு வினை: போடுதல், வீசுதல்

ஆளுக்கு ‘குதி’, ‘இறங்கு’. மூட்டைக்கு ‘போடு’. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்-32 விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்களின் காவலில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேலே பறந்து ஏறக்குறைய 25 டன் பொருள்களைப் பாராசூட்டில் இறக்கின. ‘பூமாலை’ என்பது அந்த நடவடிக்கையின் பெயர். தென்னிலங்கையில் அதைப் ‘பரிப்பு’, அதாவது பருப்பு, போட்ட கதை என்றே இன்றும் குறிப்பிடுகிறார்கள். ‘இந்தியா சாமான் போட்டது’ என்பதும் ‘பொம்மர் குண்டு போட்டது’ என்பதும் ஒரே வினை. அந்தக் காலத்தைக் கடந்தவர்களுக்கு வானத்தில் விமானச் சத்தம் கேட்டால் எது விழும் என்று தெரியாத நிலையை அந்த ஒரு சொல்லே வைத்திருக்கிறது.

பாராசூட் கட்டிப் போடுவதற்கும் கட்டாமல் போடுவதற்கும் உள்ள வேறுபாட்டையும் சொல்லியாகவேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடி மாவட்டத்தில் ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. ஓரிடத்தில் நின்று தாழ்வாகப் பறக்க முடியும் என்பதால் பாராசூட் வேண்டியதில்லை. ஆனால் உயரம் கூடினால் நிலைமை மாறிவிடும். 10 மீட்டரிலிருந்து விட்ட பொட்டலம் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 50 மீட்டரிலிருந்து விட்டால் 110 கிலோமீட்டரைத் தாண்டும். ஐந்து கிலோ அரிசிப் பை அந்த வேகத்தில் ஓட்டு வீட்டைத் துளைத்துவிடும்.

பாராசூட் கட்டிய பெரிய மூட்டைகளும் மெதுவாக வருவதில்லை. மெதுவான வகை என்று கணக்கிடப்படுவதே நொடிக்கு 28 அடிவரை. அதனால்தான் அடியில் தேன்கூடு வடிவ அட்டையை அடுக்கி, அது நசுங்கி அதிர்ச்சியை வாங்கும்படி கட்டுகிறார்கள். 2024 மார்ச்சில் காசாவில் பாராசூட் சரியாக விரியாத உதவிப்பொருள் விழுந்து ஐந்து பேர் இறந்ததாகச் செய்தி வந்தது. பசியோடு இருக்கும் கூட்டம் மூட்டையை நோக்கித்தான் ஓடும். அதற்கு அடியில் ஓடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்ல யாராவது தரையில் இருக்கவேண்டும்.

தேர்தல் காலத்தில் ‘பாராசூட் வேட்பாளர்’ என்று ஒலிப்பதும் இந்தக் குடும்பத்துச் சொல்தான். அங்கே பொருள் ‘மேலிடத்தால் இறக்கப்பட்டவர்’. தானே குதித்தவர் என்று யாரும் புரிந்துகொள்வதில்லை.

## ஹெலிகாப்டரில் ஏன் இல்லை?

2021 டிசம்பர் 8-ல் சூலூரிலிருந்து வெலிங்டன் சென்ற எம்.ஐ-17வி5 குன்னூர் அருகே விழுந்தபோது இதைக் கேட்காதவர் குறைவு. விடை இரண்டு பகுதியாக இருக்கிறது.

தலைக்கு மேலே சுழலும் இறக்கை இருக்கும்வரை மேல்நோக்கி வெளியேற முடியாது. ரஷ்யாவின் கே.ஏ-50, கே.ஏ-52 ஹெலிகாப்டர்களில் மட்டும் இறக்கைகளை முதலில் வெடிவைத்துப் பிரித்துவிட்டு, பிறகு விமானியை வெளியே இழுக்கும் ஏற்பாடு உண்டு. அவை ஒன்றிரண்டு பேர் பறக்கும் தாக்குதல் ஹெலிகாப்டர்கள். பலர் பயணிக்கும் வகையில் அது நடைமுறைக்கு ஒத்துவராது. அடுத்தது உயரம். மேகம் சூழ்ந்த மலைச்சரிவில் தாழ்வாகப் பறக்கும்போது, முதுகிலேயே பாராசூட் இருந்தாலும் கதவைத் திறந்து வெளியே போய் விரிப்பதற்கான உயரம் இல்லை.

## ‘பாராசூட் விரியவில்லை’ என்று எழுதுமுன்

விமானி இறந்துவிட்ட செய்திகளில் இந்த வாக்கியம் சட்டென்று வந்துவிடுகிறது. பல நேரங்களில் உண்மை வேறாக இருக்கும்.

1. நேரம் போதவில்லை. விமானம் நிமிடத்துக்கு 10,000 அடி வேகத்தில் கீழே போகிறதென்றால் நொடிக்கு 167 அடி. ஊர்ப்பக்கம் விழாமல் திருப்பப் பார்த்து இரண்டு நொடி தாமதித்தால் 330 அடி போய்விட்டது. சுழிய உயரத் தரம் என்பது கீழ்நோக்கிப் பாயாத விமானத்துக்குத்தான். பாய்கிற விமானத்தின் வேகம் ராக்கெட் தரும் உயரத்தைத் தின்றுவிடும்.
2. விமானம் கவிழ்ந்திருந்தது. தலைகீழான விமானத்தின் ‘மேல்’ என்பது தரை. தாழ்வில் அந்த நிலையில் இழுத்தால் இருக்கை பூமியை நோக்கியே போகும்.
3. வேகம் மிக அதிகம். எதிர்க்காற்றில் கைகால்கள் வீசியெறியப்பட்டு முறியும். பாராசூட் சரியாகவே விரிந்திருக்கும். அதில் தொங்குபவர் உயிரோடு இருக்க மாட்டார்.
4. பாராசூட் விரிந்தது, ஆனால் கடலிலோ, எரிகிற சிதைவிலோ இறங்கிவிட்டார்.
5. உண்மையிலேயே பாராசூட்டில் பழுது.

ஐந்தாவதை மட்டும் குறிக்கும் சொற்றொடரை ஐந்துக்கும் எழுதும்போது, அந்தப் பாராசூட்டை மடித்துக் கட்டி, பதிவேட்டில் கையெழுத்திட்ட ஒரு தொழில்நுட்பப் பணியாளரின்மீது பழி விழுகிறது. விசாரணை முடிய மாதங்கள் ஆகும். அதுவரை எழுதத்தக்க வாக்கியம் ஒன்று உண்டு: ‘விமானி இருக்கையோடு வெளியேறினார், உயிர் பிழைக்கவில்லை.’ வெளியேறினாரா என்பதே தெரியாவிட்டால் முதல் பாதியையும் விட்டுவிடவேண்டும்.